டேங்கில் எவ்வளவு இருந்தது

2025 பிப்ரவரி 28 இரவு என் பேரன் செல்போனைக் கொண்டுவந்து என் கண்ணுக்கு நேரே நீட்டினான். பஹ்ரைனில் ஃபார்முலா ஒன் கார்களின் மூன்று நாள் சோதனை ஓட்டம் அன்றுதான் முடிந்திருந்தது. பத்து அணிகள். ஒவ்வொரு ஓட்டுநரும் ஓட்டிய மிக விரைவான சுற்று எது, அதன் நேரம் என்ன என்பதை வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை கணக்கிட்டு வரிசையாகப் போட்டிருந்தார்கள். முதலில் இருந்தவர் கார்லோஸ் ஸைன்ஸ். வில்லியம்ஸ் கார். 1 நிமிஷம் 29.348 வினாடி.

"தாத்தா, வில்லியம்ஸ் மொதல்ல வந்துட்டான். இந்த வருஷம் அவன்தானா?"

"டேங்க்ல எவ்வளவு வெச்சிருந்தான்?" என்றேன்.

"அது யாருக்குத் தெரியும்?"

"அப்ப இதுவும் தெரியாது."

பேரன் ஏமாற்றத்துடன் உள்ளே போனான். பதில் தெரியாத கிழவன் கேள்வி கேட்டுத் தப்பித்துக்கொள்கிறான் என்று நினைத்திருக்கலாம். எனக்கு அன்றிரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. பட்டாபிராம் பக்கம் போகும் கடைசி மின்ரயில்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அந்தக் கேள்வி என்னுடையதல்ல. எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் வேறொருவர். அதைக் கேட்டாக வேண்டிய ஒரு சந்தர்ப்பத்தில் நான் கேட்கவில்லை. இது நடந்து 46 வருஷமாகிறது. இதுவரை எங்கும் எழுதியதில்லை.

முதலில் அந்தப் பட்டியலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கங்களைப் படிக்கிற நண்பர்களில் மோட்டார் பந்தயத்தில் நாட்டமுள்ளவர்கள் ஓரிருவர் தேறினால் அதிகம்.

பந்தயத்தில் எல்லாரும் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள். அதனால் அங்கே நேரத்துக்கு ஒரே அர்த்தம். சோதனை ஓட்டத்தில் ஆளுக்கொரு காரியம். ஒருவன் பிரேக் எவ்வளவு சூடாகிறது என்று பார்க்க ஓட்டுகிறான். இன்னொருவன் காரின் இறக்கையில் பச்சைச் சாயத்தைப் பூசிக்கொண்டு, காற்று எப்படி வழிந்து போகிறது என்று பார்ப்பதற்காக ஒரே வேகத்தில் ஓட்டுகிறான். மூன்றாமவன் புது டயரைப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு சுற்றை முழு வேகத்தில் ஓட்டிவிட்டு ஷெட்டுக்குத் திரும்புகிறான். பட்டியல் இவர்கள் மூவரையும், ஒரே கேள்விக்குப் பதில் எழுதியவர்கள் போல, ஒருவருக்குக் கீழ் ஒருவராக நிறுத்திவிடுகிறது.

ஒளிந்திருப்பவற்றில் மிகப் பெரியது பெட்ரோல். 2019 முதல் 2025 வரையிலான விதிப்படி ஒரு கார் பந்தயத்துக்கு அதிகபட்சம் 110 கிலோ எரிபொருள் எடுத்துக்கொள்ளலாம். 10 கிலோ கூடினால் ஒரு சுற்றுக்குச் சுமார் 0.3 வினாடி தாமதம். டேங்க் நிறைந்த காருக்கும் அடிமட்டத்தில் ஓடும் அதே காருக்கும் 3 வினாடிக்கு மேல் வித்தியாசம் என்றாகிறது. பட்டியலின் தலைக்கும் வாலுக்கும் இடையே பெரும்பாலும் அவ்வளவுகூட இருப்பதில்லை. இதற்கு மேல் டயர். ரப்பரின் மென்மையில் பல தரங்கள் உண்டு. தரம் ஒரு படி மாறினாலும், டயர் புதிதா ஓடித் தேய்ந்ததா என்பதைப் பொறுத்தும், நேரம் மாறும். இதற்கும் மேல் மதிய வெயில், மாலைக் குளிர், பாலைவனத்துக் காற்று. எஞ்சினை எவ்வளவு திறந்துவிட்டார்கள் என்பது வேறு. இதில் எதையும் எந்த அணியும் வெளியே சொல்லாது. வேண்டுமென்றே வேகத்தை மறைத்துக்கொண்டு ஓட்டுவதும் உண்டு. ரேஸ்காரர்கள் அதை 'சாண்ட்பேகிங்' என்பார்கள், மணல்மூட்டையைச் சுமந்துகொண்டு ஓடுவது.

ஆனாலும் சில விஷயங்களை மறைக்க முடியாது. ஒரு கார் நிற்காமல் 20 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பஹ்ரைன் பந்தயம் 57 சுற்று. 110 கிலோவை 57 ஆல் வகுத்தால் சுற்றுக்கு 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே அந்தக் கார் புறப்படும்போது டேங்கில் குறைந்தது 38 கிலோ இருந்திருக்க வேண்டும். அதன் முதல் சுற்றின் நேரத்திலிருந்து ஒரு வினாடியைக் கழித்துக்கொள்ளலாம். சுற்றுக்கு 2 கிலோ குறையக் குறைய, பெட்ரோலின் கணக்கில் மட்டும், ஒவ்வொரு சுற்றிலும் கார் 0.06 வினாடி வேகமாக வேண்டும். ஆகாமல் நேரம் அப்படியே நின்றால், டயர் அதே அளவு தேய்ந்து கணக்கைச் சரிக்கட்டுகிறது என்று பொருள். இப்படித்தான் படிக்க வேண்டும். ஒற்றைச் சுற்றில் எதையும் ஜோடித்துக் காட்டலாம். 20 சுற்று தொடர்ந்து ஓடுகிறவன் தன்னை அறியாமலே நிறையச் சொல்லிவிடுகிறான்.

மறுநாள் காலை பேரனிடம் அந்தப் பட்டியலை விட்டுவிட்டு இரண்டாம் நாள் மாலை மெக்லாரன் காரில் லாண்டோ நாரிஸ் ஓட்டிய நீண்ட ஓட்டத்தைப் பார்க்கச் சொன்னேன். பந்தயத்தைப் போலவே டேங்கை நிரப்பிக்கொண்டு ஓட்டியது. நேரங்கள் சீராக இறங்கிவந்தன. பட்டியலில் அதற்கு இடமே இல்லை. அந்த வருஷம் முதல் பந்தயத்தில் ஜெயித்தவர் நாரிஸ். டிசம்பரில் சாம்பியன் ஆனவரும் அவரே. வில்லியம்ஸ் அணி ஐந்தாவதாக வந்தது.

இதைச் சாமர்த்தியத்தைக் காட்டச் சொல்லவில்லை. இந்தப் படிப்பில் தேர்ந்தவர்களும் தவறுவார்கள். 2001 குளிர்காலத்தில் பார்ஸலோனாவில் ப்ராஸ்ட் அணியின் கார் எல்லாரையும் திகைக்க வைக்கும் நேரங்களை ஓட்டியது. விளம்பரதாரர்களைப் பிடிப்பதற்காக எடையைக் குறைத்து ஓட்டுகிறார்கள் என்று பேச்சு. அந்த வருஷம் முழுவதும் அந்த அணி எடுத்தது 4 புள்ளி. 2002 ஜனவரியில் கடனில் மூழ்கி மூடப்பட்டது. 2009 மார்ச்சில் அதே பார்ஸலோனாவில், ஹோண்டா கைவிட்ட அணியை ராஸ் ப்ரான் எடுத்து நடத்தியபோது, விளம்பரம் ஏதுமில்லாத வெள்ளைக் கார் ஒன்று வந்து எல்லாரையும் பின்தள்ளியது. 2001ஐ நினைவில் வைத்திருந்தவர்கள் சிரித்தார்கள். இதுவும் எடை குறைந்த கார்தான், யாரையோ பிடிக்கப் பார்க்கிறார்கள் என்றார்கள். அந்தக் கார் முதல் 7 பந்தயங்களில் 6இல் ஜெயித்தது. ஜென்ஸன் பட்டன் சாம்பியன் ஆனார். அடையாளம் இரண்டு தடவையும் ஒன்றே. அர்த்தம் நேரெதிர். 2019இல் சோதனையின் கடைசியில் ஃபெராரியின் வெட்டல் 1 நிமிஷம் 16.221, மெர்ஸிடஸின் ஹாமில்டன் 1 நிமிஷம் 16.224. வித்தியாசம் 0.003 வினாடி. பிறகு அந்த வருஷத்தின் முதல் 8 பந்தயங்களையும் மெர்ஸிடஸே ஜெயித்தது.

சோதனையே இல்லாமல் ஓட்டியவரும் உண்டு, அவர் நம் ஊர்க்காரர். 2010இல் ஹிஸ்பானியா அணியின் கார் ஒரு சோதனை ஓட்டத்துக்கும் வந்து சேரவில்லை. சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் அந்தக் காரை முதன்முதலாக ஓட்டியது பஹ்ரைனில் தகுதிச் சுற்றின்போது. முதல் சுற்றே பரீட்சை. கடைசி இடம். மறுநாள் பந்தயமும் இரண்டு சுற்றுக்குள் முடிந்துவிட்டது. அந்தப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே இருந்த எண்ணைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். எனக்கு அந்த எண் மரியாதைக்குரியதாகப் பட்டது. அதன் பின்னால் என்ன இல்லை என்பது தெரிந்ததால்.

கருணின் தந்தை விக்கி சந்தோக்கைச் சோழவரத்தில் பார்த்திருக்கிறேன். அங்கேதான் நான் இதையெல்லாம் கற்றுக்கொண்டது.

சேக்காட்டில் எங்கள் தெருக்கோடியில் ஒருவர் இருந்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் டர்னர். பெயர் வேண்டாம். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். என்னைத் தம்பி என்பார், நான் அண்ணே என்பேன். 1974இல் எனக்கு வயது இருபது. சோழவரத்தில் ஆண்டுதோறும் பந்தயம் நடக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருஷம் அங்கேதான் பந்தயம் நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தளம் வந்த பிறகு எல்லாம் அங்கே போய்விட்டது. பந்தய தினத்தன்று சோழவரத்தில் கூட்டம் தாங்காது. அவர் என்னை அன்று அழைத்துப் போகமாட்டார். முந்தைய நாட்களில், பயிற்சி ஓட்டத்தின்போதுதான் போவோம். அம்பத்தூர் வழியாகச் செங்குன்றம், அங்கிருந்து கல்கத்தா சாலை. இரண்டு சைக்கிள்கள். விடியுமுன் கிளம்பினால்தான் வெயிலுக்கு முன்னால் போய்ச் சேரலாம்.

அவரிடம் ஒரு ஸ்டாப் வாட்ச் இருந்தது. மூர் மார்க்கெட்டில் பழசாக வாங்கியது. வினாடியில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைவாக அது அளக்காது. ஓடுதளத்தின் ஓரத்தில் ஒரு டிரம்மைக் குறிவைத்துக்கொள்வார். முன்சக்கரம் அதைக் கடக்கும்போது கட்டைவிரல் அழுத்தும். ஒரு பழைய நோட்டில் நேரத்தை எழுதுவார். நேரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி. அதில்: காலை, எதிர்க்காற்று, புது டயர், பின்பக்கம் தாழ்ந்திருக்கிறது, முழு டேங்க். அந்தப் பக்கத்துப் பத்திதான் முக்கியம் என்பார். பின்னால் அந்த நோட்டைப் புரட்டும்போது நேரங்களை விரலால் மறைத்துக்கொண்டு பக்கத்துப் பத்தியை முதலில் படிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

"வாட்ச்ச அப்புறம் பாரு தம்பி. மொதல்ல சத்தத்தக் கேளு. எங்க காலை எடுக்கறான் பாரு."

நேர்கோட்டின் முடிவில் பிரேக் போட வேண்டிய இடத்துக்கு வெகு முன்னாலேயே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறவன் எதையோ மறைக்கிறான். பியட்டையும் ஹெரால்டையும் பிரித்துக் கோத்து ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் மத்தியில் எஞ்சினின் சுருதி மாறும் இடத்தை வைத்தே அவர் ஆளைச் சொல்லிவிடுவார். காலைக் குளிரில் கார்ப்புரேட்டர் எஞ்சின் கூடுதலாக இழுக்கும், அதனால் எட்டு மணி நேரத்தையும் பன்னிரண்டு மணி நேரத்தையும் ஒன்றாக வைக்காதே என்றார். பெட்ரோல் நிறைந்த வண்டி திருப்பத்தில் எப்படிப் பின்னால் அமர்ந்து எழுகிறது என்று காட்டினார். ஒரு பயிற்சி ஓட்டத்தில் இளைஞன் ஒருவன் எல்லாரையும்விட விரைவாக ஓட்டினான். கூடியிருந்த சிலர் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அவர் தட்டவில்லை. "டேங்க்ல எவ்வளவு வெச்சிருந்தான், கேட்டியா?" என்றார்.

1978இல் டிப்ளமா முடித்து, அவர் வேலை செய்த அதே தொழிற்சாலையில் 'ஒர்க் ஸ்டடி' பிரிவில் சேர்ந்தேன். தொழிலாளி ஒரு வேலையைச் செய்ய எவ்வளவு நேரமாகிறது என்று பக்கத்தில் நின்று அளப்பது என் உத்தியோகம். கையில் ஸ்டாப் வாட்ச். நிமிஷத்தை நூறாகப் பிரித்த வாட்ச். இந்தத் தொழிலின் மூலபுருஷர் அமெரிக்காவின் ஃப்ரெடெரிக் டெய்லர். 1911இல் வந்த அவருடைய நூல் எங்களுக்குப் பாடம். தொழிலாளி தன் வேகத்தை மறைத்துக்கொண்டு வேலை செய்கிறான், அதைக் கண்டுபிடித்தாக வேண்டும் என்பதுதான் டெய்லரின் ஆதாரமான கவலை. அவன் மறைக்காமல், தன் சக்திக்கு மேல் ஓட்டிக் காட்டினால் என்ன செய்வது என்பதற்கும் முறை இருக்கிறது. அளந்த நேரத்துக்குப் பக்கத்தில் ஒரு பத்தி உண்டு. அதன் பெயர் ரேட்டிங். சாதாரண வேகம் 100. அதைவிட விரைவாகச் செய்கிறான் என்று பட்டால் 110, 125 என்று போட வேண்டும். அளந்த நேரத்தை அதால் பெருக்கி, களைப்புக்கும் மற்றவற்றுக்கும் சேர்த்துத்தான் நிர்ணய நேரம் வரும். வாட்ச்சில் தெரிவது பாதிதான். மீதி, பார்க்கிறவன் மனசாட்சி.

தொழிற்சாலையில் அவர் என்னைச் சார் என்று கூப்பிட்டார். முதல் நாளே. எனக்குக் கூச்சமாக இருந்தது. அதுதான் அங்கே முறை என்றார். மாலையில் சேக்காட்டுக்கு வந்ததும் மறுபடி தம்பி.

1979இல் ஒரு புது வேலை வந்தது. கேப்ஸ்டன் லேத்தில் ஒரு புஷ். அதற்கு நேரம் நிர்ணயிக்க என்னை அனுப்பினார்கள். லேத்தில் நின்றவர் அவர். எனக்குப் பின்னால் என் மேலதிகாரியும் இன்னும் இருவரும். நான் அப்போது இன்னும் நிரந்தரமாகவில்லை.

அவர் என்னைப் பார்த்துச் சற்றுச் சிரித்தார். டூலைப் புதிதாகத் தீட்டி வைத்திருந்தார். பார்கள் கைக்கு எட்டும்படி அடுக்கப்பட்டிருந்தன. ஆரம்பித்தார். அவ்வளவு அழகாக ஒருவர் லேத் ஓட்டி நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. கை எங்கும் தயங்கவில்லை. ஒரு பீஸ் விழுகிற சத்தத்தோடு அடுத்த பீஸ் பிறந்தது. பத்து பீஸ் அளந்தேன். குறைந்தது 1.79 நிமிஷம், கூடினது 1.88. சராசரி 1.84. மொத்தம் பதினெட்டரை நிமிஷம்கூட இல்லை. அதற்குள் டூல் மாற்ற வேண்டி வரவில்லை, சுருள் அள்ள வேண்டி வரவில்லை, யாரும் வந்து பேசவில்லை.

ஃபீடைக் கூட்டி ஓட்டுகிறார் என்பது சத்தத்தில் தெரிந்தது. தெரியவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரிந்தது. சத்தத்தைக் கேட்கச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தானே.

ரேட்டிங் பத்தியில் 100 என்று எழுதினேன். 125 என்று எழுதியிருக்க வேண்டும். எழுதினால் பின்னால் நிற்கிறவர்கள் ஏன் என்று கேட்பார்கள். புதுப் பையன், தொழிலாளிக்குத் தாராளமாகப் போடுகிறான், அதுவும் தன் தெருக்காரனுக்கு என்று பேச்சு வரும். இவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதுவுமில்லை.

கணக்கைச் சொல்கிறேன். 1.84உடன் 15 சதவீதம் சேர்த்தால் 2.116 நிமிஷம். 480 நிமிஷ ஷிஃப்டுக்கு 226 பீஸ். நான் 125 போட்டிருந்தால் 181. அந்த 45 பீஸ் நான் எழுதாத ஒரு எண்ணிலிருந்து வந்தது. 226க்கு மேல் செய்தால்தான் இன்சென்டிவ். மற்ற ஷிஃப்டில் இருந்தவர்களால் 180க்கு மேல் போக முடியவில்லை. அவரே 200ஐத் தாண்டியது சில நாட்கள்தான். வேலைக்கேற்ற கூடுதல் பணம் அந்த லேத்தில் யாருக்கும் வராமல் போயிற்று. நீதானே ஓட்டிக் காட்டினாய் என்று அவரைக் கேட்டார்கள். யூனியன் மறுபடி அளக்கக் கேட்டது. மேலதிகாரி என் தாளை எடுத்துப் பார்த்தார். பத்து நேரங்களும் ஒன்றுக்கொன்று எவ்வளவு அருகில் இருக்கின்றன என்றார். இவ்வளவு சுத்தமான ஸ்டடி பார்த்ததில்லை என்றார். "உன் ரேட்டிங் சரிதானே?" என்றார். சரி என்றேன். அது இரண்டாவது சந்தர்ப்பம். மூன்றாவது வரவில்லை.

ஒரு வருஷம் போல இருந்துவிட்டு அவர் வேலையை விட்டார். ஆவடியில் ஒரு சிறிய லேத் பட்டறையில் சேர்ந்தார். என்னை நிரந்தரமாக்கினார்கள்.

அவர் ஏன் அப்படி ஓட்டினார் என்பது எனக்கு நெடுநாள் பிடிபடவில்லை. அனுபவசாலி. ஸ்டாப் வாட்ச்சுக்கு முன்னால் கையை அடக்கி ஓட்ட வேண்டும் என்று புதிதாகச் சேர்ந்த ஹெல்ப்பருக்குக்கூடத் தெரியும். வேறொருவர் வாட்ச் பிடித்திருந்தால் அவர் அடக்கித்தான் ஓட்டியிருப்பார். பிடித்தவன் நான். சோழவரத்துக்குக் கூடவே வந்தவன். தன் கை எவ்வளவு தூரம் போகும் என்பதை ஒருதரம் முழுமையாகக் காட்டலாம், பார்க்கிறவனுக்கு அதைப் படிக்கத் தெரியும், பக்கத்துப் பத்தியில் எழுத வேண்டியதை எழுதிக்கொள்வான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

இதை இந்தப் பத்திரிகைக்கு எழுதக் காரணம் இருக்கிறது. நான் மதிப்புரைகள் எழுதியிருக்கிறேன். ஒரு தொகுப்பின் மிகச் சிறந்த நாலு வரியை எடுத்து அதுவே அந்தக் கவிஞனின் சாதாரண வேகம் என்று வைத்துக்கொண்டு மற்றப் பக்கங்களை அதால் அடித்திருக்கிறேன். அவன் எந்த எடையுடன் ஓடினான் என்று கேட்டதில்லை. பதினெட்டு நிமிஷத்தைப் பார்த்துவிட்டு எட்டு மணி நேரத்தை நிர்ணயிக்கிற பழக்கம் தொழிற்சாலையோடு நின்றுவிடவில்லை.

அவர் வேலையை விட்ட சில மாதங்களுக்குப் பிறகு ஆவடி ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் பார்த்தேன். நான்தான் பேச்சை எடுத்தேன். அன்று நீங்கள் கொஞ்சம் மெதுவாக ஓட்டியிருக்கலாமே அண்ணே என்றேன். கேட்கும்போதே அது எவ்வளவு அற்பமான கேள்வி என்று தெரிந்தது. அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"நீங்க பாத்துக்குவீங்கன்னு நெனச்சேன், சார்."

கோபம் இல்லை. எனக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகும் பல வருஷம் அவர் அதே தெருவில்தான் இருந்தார். பார்த்தால் நின்று பேசுவார், வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்பார். சோழவரம் போக ஒருதரமும் கூப்பிடவில்லை. நான் அண்ணே என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். சேக்காட்டிலும் அவர் என்னைச் சார் என்றுதான் கூப்பிட்டார்.